சாரதியின் ஆசனம்

1908-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த போர்டு ‘மாடல் டி’ மோட்டார் வண்டியில் சாரதியின் ஆசனம் முன்னும் பின்னும் நகராதபடி நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. பெரும்பாலான வகைகளில் அதன் கீழேயே பெட்ரோல் டாங்கி இருந்தமையால், பெட்ரோல் ஊற்ற வேண்டும்போதெல்லாம் அவர் எழுந்து, மெத்தையை அகற்றி, குச்சியை உள்ளே விட்டு அளவு பார்க்க நேர்ந்தது. நெட்டையரும் குட்டையரும் தத்தம் தேகத்தையே ஆசனத்துக்கு இணங்க வளைத்துக்கொண்ட காலம் அது. ஆசனம் நகரத் தொடங்கியது பிற்பாடுதான். 1959-இல் ஸ்வீடன் தேசத்து நில்ஸ் போலின் வால்வோவுக்காக அமைத்த மும்முனை சீட் பெல்ட்டும், 1969 முதல் அமெரிக்கக் கார்களில் கட்டாயமாக்கப்பட்ட தலைதாங்கியும், முறையாக அமர்ந்தவருக்கே பூரண ரக்ஷை அளிப்பவை. காற்றுப்பை வந்தபின், மார்பெலும்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது வேண்டும் என்று நிபுணர்கள் வற்புறுத்தலாயினர். ஆகையால், வண்டி நிற்கும்போதே ஆசனத்தைச் சரிசெய்து, அது பூட்டிக்கொண்டதா என்று அசைத்துப் பார்த்து, அதன் பிறகே புறப்படுங்கள்.