இளைப்பு நோயும் ஈசினோபில் எண்ணிக்கையும்

மேலூரை அடுத்த திருவாதவூர் போன்ற மதுரைச் சமவெளிச் சிற்றூர்களில், இளைப்பு கண்ட குழந்தைக்கு ஆடாதோடைக் கஷாயமும் தூதுவளையும் கொடுப்பது நெடுநாள் வழக்கு. ஆனால் இரவெல்லாம் இருமி, காய்ச்சலில் மெலிந்து, மூச்சு வாங்கும் குழந்தைக்கு வந்திருப்பது ஆஸ்துமாவா, காசநோயா, வேறொன்றா என்று பிரித்தறிவது, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நகரத்து மருத்துவர்களுக்கும் கடினமாகவே இருந்தது. அதற்கான வழி ஒருவகை வெள்ளணுவை எண்ணியதில் பிறந்தது. அந்த எண்ணிக்கையை மட்டுமே நம்பியதால் விளைந்த குழப்பமும் அதே வரலாற்றின் பகுதியாகும்.

ஈசினோபில் என்னும் அந்த அணுவை 1879இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் வகைப்படுத்தினார். கண்ணாடிச் சில்லில் ஒரு துளி இரத்தத்தை மெல்லியதாக இழுத்து, உலர்த்திச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், ஈசின் சாயத்தை ஏற்ற செங்கல் நிறக் குருணைகள் இதனுள் நெருங்கிக் கிடப்பது தெரியும். நலமான உடலில் நூறு வெள்ளணுக்களுக்கு ஆறுக்கு மேல் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. ஒவ்வாமையாலோ புழுக்களாலோ அழற்சி, அதாவது உடலின் தற்காப்பு எதிர்வினை, மூளும்போது இவை பெருகுவதால் மருத்துவர்கள் இவற்றை அழற்சியின் குறியீடாகக் கொள்கின்றனர்.

அன்றைய சென்னை மாகாணத்துக்குட்பட்ட மதனப்பள்ளியின் ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில், காசநோய் போலவே தோன்றிய ஒரு நுரையீரல் நோயில் ஈசினோபில் மிகுந்திருப்பதைக் கண்ட ஃப்ரிமாட்-மோலரும் பார்ட்டனும் அதை 1940இல் வெளியிட்டனர். 1943இல் வெயின்கார்ட்டன் இந்நோய்க்கு ‘வெப்பமண்டல ஈசினோபீலியா’ என்று பெயரிட்டு, ஆர்சனிக் மருந்துகளுக்கு அது கட்டுப்படுவதையும் காட்டினார். எனினும் நோயின் காரணம் புலப்படவில்லை.

யானைக்கால் நோய்ப் புழுவை அழிக்கும் டைஎதில்கார்பமசின் என்ற மருந்தால் நோயாளிகள் குணமடைவதைச் சிங்கப்பூரில் பணியாற்றிய டி. ஜே. தனராஜ் 1958இல் எடுத்துரைத்தபோது, மருந்தே காரணத்தைச் சுட்டத் தொடங்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை மருத்துவர் வெப், நோய்க்குறியியலாளர்கள் ஜாப், கால்ட் ஆகியோருடன் சேர்ந்து, நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணு ஆகியவற்றின் திசுக்களில் அப்புழுவின் இளம் வடிவங்களை 1960இல் கண்டறிந்தார். கொசுக்கடியால் உடலுள் புகும் புழு ஈனும் இவ்விளம் வடிவங்களை உடலின் எதிர்ப்பாற்றல் நுரையீரலிலேயே மடக்கி அழித்துவிடுவதால்தான், இரத்தத்தில் அவை அகப்படவில்லை.

இந்த வெற்றி வேறொரு சிக்கலையும் கொண்டுவந்தது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 3,000க்கு மேல் ஈசினோபில் இருப்பது இந்நோயின் அடையாளம். ஆனால் ஒவ்வாமை ஆஸ்துமாவிலும், வெறுங்காலுடன் திரியும் குழந்தைகளைப் பற்றும் கொக்கிப்புழுத் தொற்றிலும் அது ஓரளவு உயரக்கூடும். ‘ஈஸ்னோபீலியா’ வீட்டுப் பேச்சில் புழங்கும் நோய்ப்பெயராகிவிட, ஆஸ்துமாவுக்கான மூச்சு மருந்து தேவைப்பட்ட குழந்தைகள் சிலருக்கும் புழு மருந்தே தரப்பட்டது. யானைக்கால் நோய் மாவட்டங்களில் 2004 முதல் ஆண்டுதோறும் அம்மருந்தை மக்களுக்கு வழங்கும் தேசியத் திட்டம் நடந்து, அந்நோய் குறைந்துவந்த பின்னும் இப்பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

முப்பத்தேழு வாரம் நிறைவதற்கு முன் பிறந்து உயிர்தப்பும் குழந்தைகள் பெருகியுள்ள இன்று, இதே பாடம் எதிர்த்திசையிலும் பொருந்துகிறது. முதிராத நுரையீரலும் குறுகிய மூச்சுக்குழல்களும் காரணமாக இவர்களுக்கும் இளைப்பு வருகிறது. எனினும் அது ஈசினோபில் பெருக்கத்தால் விளைவதாகப் பெரும்பாலும் இருப்பதில்லை, வெளிவிடும் மூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு என்ற மற்றோர் அழற்சிக் குறியீடும் பலரிடம் உயர்வதில்லை. ஆகவே எண்ணிக்கை மிகுந்ததைக் கொண்டு புழு என்றோ, மிகாததைக் கொண்டு நோயில்லை என்றோ முடிவுகட்டாமல், குழந்தை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, எந்த ஊரில் வளர்கிறது என்ற விவரங்களோடு சேர்த்தே இக்குறியீடுகளை மருத்துவர் படிக்க வேண்டியுள்ளது.