மேய்ப்பரின்றி வாழ்ந்த மந்தை: மடகாஸ்கர் திருச்சபை, 1835–1861

துன்பம் ஒரு தலைமுறைக் காலம் நீடிக்குமாயின் நம்பிக்கை எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? இவ்வினாவுக்கு மடகாஸ்கர் திருச்சபையின் வரலாறு தெளிவானதொரு விடையளிக்கிறது.

தென் திருவிதாங்கூரில் பணிபுரிந்த அதே இலண்டன் மிஷன் சங்கத்தார், டேவிட் ஜோன்ஸ், தாமஸ் பெவன் என்னும் வேல்ஸ் நாட்டு மிஷனெரிமாரை 1818இல் அத்தீவுக்கு அனுப்பினர். பெவனும் இருவரின் குடும்பத்தாரும் காய்ச்சலுக்குப் பலியாயினர். எஞ்சிய ஜோன்ஸ் 1820இல் தலைநகராகிய அந்தனநரிவோவை அடைந்து, மன்னர் முதலாம் ரதாமாவின் ஆதரவில் பள்ளியைத் தொடங்கினார். மலகாசி மொழி ரோம எழுத்தில் எழுதப்பட்டது. 1830இல் புதிய ஏற்பாடு அச்சேறியது.

1828இல் அரியணையேறிய முதலாம் ரணவலோனாவைக் கொடுங்கோலி என்று மட்டும் கூறி நிறுத்துவது வரலாறாகாது. முன்னோர் வழிபாடும் அரச காப்புப்பொருள்களும் அந்நாட்டு ஆட்சியின் அடித்தளங்களாயிருந்தன. மக்கள் வேறொரு ஆண்டவருக்குக் கீழ்ப்படிவதை, அந்நியர் ஆதிக்கத்தின் முன்னோடியாகவே அரசி கண்டார். 1835 மார்ச் 1 அன்று கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. மிஷனெரிமார் அவ்வாண்டிலேயே முழு வேதாகமத்தையும் விரைந்து அச்சிட்டு முடித்தனர். சில பிரதிகளை மண்ணில் புதைத்துவைத்து, 1836க்குள் அனைவரும் வெளியேறினர்.

1837இல் ரசலாமா என்னும் பெண்மணி, மண்டியிட்டு ஜெபித்தவாறே ஈட்டியால் குத்துண்டு முதல் இரத்தசாட்சியானார். 1849இல் பதினான்கு பேர் அம்பமரினானா செங்குத்துப் பாறையிலிருந்து தள்ளப்பட்டனர்; உயர்குலத்தார் நால்வர் எரிக்கப்பட்டனர். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அபராதம், அடிமைத்தனம் முதலிய தண்டனைகளுக்குள்ளாயினர். 1857இல் கல்லெறிந்து கொல்லப்பட்டோரும் உண்டு. அஞ்சிப் பின்வாங்கினோரும் இருந்தனர். அதை மறைக்க வேண்டுவதில்லை.

எஞ்சியோர் எவ்வாறு வாழ்ந்தனர்? இரவில் வீடுகளிலும் குகைகளிலும் கூடினர். வேதாகமத்தின் பகுதிகளைக் கையால் படியெடுத்துப் பகிர்ந்துகொண்டனர். வோனிசோங்கோ பகுதியில், அம்மை நோயாளிகளுக்கான குகையொன்றில் வேதாகமத்தை ஒளித்துவைத்தனர். தொற்றுக்கு அஞ்சிய சேவகர் உள்ளே நுழையவில்லை. தங்களை வழிநடத்துவோரைத் தங்களுக்குள்ளேயே தெரிந்துகொண்டனர். அவர்களுடைய நம்பிக்கை கைகட்டிக் காத்திருத்தலன்று. வாசித்தலும், எழுதுதலும், ஒருவரையொருவர் தாங்குதலுமே அது.

1861இல் அரசி இறந்தார், தடை நீங்கியது. 1835இல் சில நூறு பேராயிருந்த விசுவாசிகள் இப்போது சில ஆயிரமாய் வெளிப்பட்டனர். 1869இல் இரண்டாம் ரணவலோனா அரசியே திருமுழுக்குப் பெற்றார். மக்கள் திரளாகச் சபைக்குள் வந்தனர். ஆயினும் அரச தயவை நாடி வந்தோரும் அவர்களுள் பலர். ஈட்டியால் வராத சோதனை சலுகையால் வந்தது.

திருப்பணியாளராகிய நாம் இங்குச் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. இருபத்தாறு ஆண்டுகள் அச்சபையைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் எளிய இறைமக்கள். மிஷனெரிமாரின் பணி வீணாகவில்லை. எழுத்தையும் திருமறையையும் மக்களின் கையில் கொடுத்துவிட்டே அவர்கள் சென்றிருந்தனர். நாம் நீங்கினாலும் நிலைநிற்கத்தக்கதாக நம் சபைகளை உருவாக்குகிறோமா? அல்லது நம்மையே சார்ந்திருக்கப் பழக்குகிறோமா? சோதனைக்காலம் வரும்வரை இக்கேள்விக்கு விடை தேடாதிருப்பது ஞானமன்று.