ஓ139 காலரா

வாந்திபேதி என்று மக்கள் சொல்லும் காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே கிருமியின் ஒரு வகை ஓ139. கிருமியின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலி மாறிப்போனதால் இது பிறந்தது. 1992-இன் பிற்பகுதியில் அன்றைய மெட்ராஸில் தலைகாட்டி மதுரை, வேலூர், கல்கத்தா, வங்கதேசம் என்று பரவியது. வங்காள விரிகுடாக் கரையோரங்களில் முதலில் கிடைத்ததால் 'பெங்கால்' என்றும் பெயர் பெற்றது. பெயரில் இடம்பெறாவிட்டாலும் மெட்ராஸிலிருந்துதான் இதன் வரலாறு தொடங்குகிறது. மயிலாப்பூருக்குத் தெற்கே அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் போன்ற உவர்நீர் இடங்கள், மிதவை உயிர்களின் ஓட்டில் ஒட்டி வாழும் இந்தக் கிருமி இனத்துக்கு இயல்பான வாழிடம்.

காலரா கிருமியை இனங்காணும் முறை எளியது. கண்ணாடித் தகட்டில் கிருமிக் கலவை ஒரு துளி, எதிர்ச்சீரம் ஒரு துளி. சீரத்தின் எதிர்ப்பொருள்கள் கிருமியின் சர்க்கரையைப் பற்றிக்கொண்டால், திரிந்த பால்போலக் கலவை சில நொடிகளில் திரளும். 1992 வரை கொள்ளைநோயாகப் பரவியது ஓ1 வகை மட்டுமே. மெட்ராஸ் நோயாளிகளுக்கோ, அரிசி களைந்த நீர்போலப் போகும் அசல் காலரா. கிருமியோ ஓ1 சீரத்தில் திரளவில்லை. அன்று அறியப்பட்டிருந்த 138 வகைகளின் சீரங்கள் எதிலும் திரளாததால்தான் 139 என்ற எண். கல்கத்தாவின் தேசிய காலரா, குடல்நோய் நிறுவனத்தைச் சேர்ந்த டி. ராமமூர்த்தி, ஜி. பாலகிருஷ் நாயர் ஆகியோரின் குழு 1993-இல் 'லான்செட்' இதழில் இதை அறிவித்தது.

ஓ1-இன் சங்கிலி பெரோசமைன் என்னும் ஒரே சர்க்கரையைத் திரும்பத் திரும்பக் கோத்தது. நுனியில் ஒரு மீத்தைல் தொகுதி இருந்தால் ஒகாவா, இல்லாவிட்டால் இனாபா என்னும் உள்வகை. ஓ139-இலோ அந்தச் சங்கிலியைக் கட்டும் மரபணுத் தொகுதி அகன்று, வேறொன்று வந்து அமர்ந்துவிட்டது. கோலிட்டோஸ் கலந்த குட்டைச் சங்கிலியும், அதே சர்க்கரைகளாலான ஓர் உறையும் உருவாயின. பேதியை உண்டாக்கும் நச்சு மாறவில்லை. காலரா நிலைத்த ஊர்களில் வழக்கமாகக் குழந்தைகளே அதிகம் நோயுறுவர். ஓ139 பெரியவர்களைப் பிடித்தது. ஓ1-க்கு எதிராக அவர்கள் உடலில் சேர்ந்திருந்த எதிர்ப்பாற்றல் புதிய சர்க்கரையிடம் செல்லவில்லை. தடுப்புமருந்து எதைக் குறிவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று காலரா வரலாற்றில் இல்லை.

இதன் விளைவாகவே, ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் தயாரித்த ஷாங்கால் வாய்வழி மருந்தில் கொல்லப்பட்ட ஓ1, ஓ139 கிருமிகள் இரண்டும் சேர்ந்தன. 2009-இல் இந்திய அனுமதியும், 2011-இல் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதியும் அதற்குக் கிடைத்தன. கொல்கத்தா சோதனையில் ஐந்தாண்டுகளில் அது தந்த பாதுகாப்பு 65 விழுக்காடு.

பின்னாளில் ஓ139 ஒடுங்கி, ஓ1 மீண்டும் மேலோங்கியது. பாரத் பயோடெக் 2024-இல் அறிமுகப்படுத்திய ஹில்கால் மருந்தில் ஒகாவா, இனாபா இரண்டின் அடையாளத்தையும் தாங்கிய ஓ1 கிருமி மட்டுமே உண்டு, ஓ139 இல்லை. மருந்திலிருந்து அது விடுபடலாம். ஆய்வகங்களின் சோதனைப் பெட்டியிலிருந்து ஓ139 சீரம் விடுபடக் கூடாது.