யுத்தகாலக் கைத்தொழில் சுட்டெண்களும் அவற்றில் இடம்பெறாத மாகாணங்களும்

ஒரு நாட்டின் பொருளாதாரம் எந்நிலையில் உள்ளது என்பதை அறிவதற்கு மொத்த உள்நாட்டு உற்பத்தி, கைத்தொழில் உற்பத்திச் சுட்டெண், நுகர்வோர் விலைச் சுட்டெண், பங்குவிலைச் சுட்டெண் ஆகியன அளவுகோல்களாகப் பயன்படுகின்றன. சமாதான காலத்திலேயே இவற்றை நிதானத்துடன் வாசிக்க வேண்டியிருக்கின்றது. யுத்த காலத்திலோ அந்நிதானம் பன்மடங்காக வேண்டும். இதற்கு வெகுதூரம் சென்று உதாரணம் தேட வேண்டியதில்லை. 1983 முதல் 2009 வரையான கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட இலங்கையின் அனுபவமே போதுமானதாகும்.

அக்காலத்து ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பார்ப்பவருக்கு வியப்பொன்று காத்திருக்கும். 1990களில் நாட்டின் பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 5 வீதத்தால் வளர்ந்தது. யுத்தம் அதன் இறுதிக் கட்டத்தை நோக்கி உக்கிரமடைந்த 2006இல் வளர்ச்சி வீதம் 7.7 ஆகவும், 2007இல் 6.8 ஆகவும், 2008இல் 6 ஆகவும் பதிவாகியது. இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்து, துறைமுகங்களும் வீதிகளும் மூடுண்டு கிடந்த நாடொன்றில் இது எவ்வாறு சாத்தியமாயிற்று? இந்த எண்கள் பொய்யானவை என்று கூறிவிடுவது சுலபம். ஆனால் அது சரியான பதிலன்று. எண்கள் எதனை அளந்தன, எதனை அளக்கவில்லை என்று பார்ப்பதே சரியான வழியாகும்.

சுட்டெண் உருவாகும் விதம்

கைத்தொழில் உற்பத்திச் சுட்டெண்ணின் அமைப்பு மிக எளிமையானது. ஏதேனும் ஓர் ஆண்டு அடிப்படை ஆண்டாகத் தெரிவு செய்யப்பட்டு அதன் உற்பத்தி 100 எனக் கொள்ளப்படுகின்றது. அவ்வாண்டில் ஒவ்வொரு கைத்தொழிலும் மொத்த உற்பத்திக்கு எவ்வளவு பங்களித்ததோ அதற்கேற்ப அதற்கு நிறை வழங்கப்படுகின்றது. உற்பத்தியில் அரைப்பங்கை ஆடைக் கைத்தொழில் கொண்டிருந்தால், அக்கைத்தொழில் 10 வீதத்தால் வளரும்போது, ஏனைய கைத்தொழில்கள் யாவும் நின்ற இடத்திலேயே நின்றாலும், சுட்டெண் 5 வீதத்தால் உயர்ந்துவிடும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. அடிப்படை ஆண்டுக்கு முன்னரே மூடப்பட்டுவிட்ட தொழிற்சாலைக்கு அச்சுட்டெண்ணில் நிறை எதுவும் இல்லை. அது மூடப்பட்டிருப்பதால் சுட்டெண் ஒரு புள்ளியேனும் குறையப் போவதில்லை.

2000களில் இந்நாட்டில் பயன்பட்ட கைத்தொழில் உற்பத்திச் சுட்டெண் 1997ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டது. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையோ 1990இலேயே தன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை அதற்கும் முன்னரே யுத்தத்தினால் செயலிழந்தது. ஆனையிறவு உப்பளமும் அவ்வாறே. காங்கேசன்துறை, பரந்தன், வாழைச்சேனை ஆகிய மூன்று இடங்களிலும் தோன்றிய அரச தொழிற்சாலைகள், சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளில் கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் பெயருடன் இணைத்துப் பேசப்படுபவை. சீமெந்து, எரிசோடா, குளோரின், காகிதம் என நாட்டுக்குத் தேவையான அடிப்படைப் பொருட்களை உற்பத்தி செய்வதற்கென உருவாக்கப்பட்டவை. வடக்கில் இருந்தவை ஓய்ந்தன. வாழைச்சேனை ஆலை தட்டுத்தடுமாறி இயங்கியது. ஆயினும், சுட்டெண் அவை இல்லாத ஒரு நாட்டை 100 எனக் கொண்டு, அங்கிருந்து வளர்ச்சியைக் கணக்கிட்டது.

வளர்ந்த பகுதி எது?

வளர்ச்சி உண்மையில் நிகழ்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதைத் தொடர்ந்து 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. மேலைநாடுகள் வழங்கிய கோட்டா முறையின் துணையுடன் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கிராமப்புறங்களுக்குக் கொண்டு சென்றார். ஏற்றுமதி வருமானத்தில் தேயிலையை ஆடை முந்தியது. தொழிற்சாலைகளில் உழைத்த பெண்களும், மலையகத்தில் கொழுந்து பறித்த பெண்களும், மத்திய கிழக்கில் பணிப்பெண்களாகப் பாடுபட்டவர்களும் அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்தனர். 2008இல் வெளிநாடுகளில் உழைப்போர் அனுப்பிய பணம் மட்டும் ஏறத்தாழ 290 கோடி டொலராகும்.

இவ்வளர்ச்சியின் பெரும்பகுதி மேல் மாகாணத்தில் திரண்டிருந்தது. 2000களின் நடுப்பகுதியில் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ அரைப்பங்கு அந்த ஒரு மாகாணத்துக்குரியது. வட மாகாணத்தின் பங்கோ 3 வீதத்தை அண்மித்தே இருந்தது. எனவே வடக்கின் உற்பத்தி பாதியாகக் குறைந்தாலும் தேசிய வளர்ச்சி வீதத்தில் ஒன்றரைப் புள்ளிதான் குறையும். மேல் மாகாணம் சற்று வேகமாக வளர்ந்தால் அக்குறையும் மறைந்துவிடும். தேசிய சராசரி என்பதன் இயல்பே இதுதான். சிறுத்துப்போன ஒரு பகுதி எவ்வளவு சிறுக்கின்றதோ, அவ்வளவுக்குச் சராசரியிலிருந்தும் அது மறைந்து போகின்றது.

யுத்தம் உற்பத்தியாகப் பதிவாவது

யுத்தத்தின் செலவுகள் கணக்கில் எவ்வாறு இடம்பெறுகின்றன என்பது அடுத்ததாகக் கவனிக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்காவின் கைத்தொழில் உற்பத்திச் சுட்டெண் 1939க்கும் 1943க்கும் இடையில் இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. அதே நாட்டில் 1942 பெப்ரவரியில் பொதுமக்களுக்கான மோட்டார் கார் உற்பத்தி நிறுத்தப்பட்டு, 1945 வரை மீண்டும் தொடங்கப்படவில்லை. சுட்டெண்ணை உயர்த்தியவை விமானங்களும் கப்பல்களும் வெடிமருந்துகளுமாகும். அவை உற்பத்திதான், ஆனால் குடும்பமொன்றின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தும் உற்பத்தியல்ல.

இலங்கையின் நிலை வேறு. இங்கு ஆயுதங்கள் உற்பத்தி செய்யப்படவில்லை, இறக்குமதி செய்யப்பட்டன. ஆதலால் யுத்தத்தினால் தொழிற்சாலைகளுக்கு வேலை கிடைக்கவில்லை. அந்நியச் செலாவணிதான் வெளியேறியது. 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் வீழ்ந்ததையடுத்து அவசர இராணுவக் கொள்வனவுகள் இடம்பெற்றன. 2001 ஜனவரியில் ரூபாயை மிதக்கவிட வேண்டிய நிலை வந்தது. 2009 ஜூலையில் சர்வதேச நாணய நிதியத்திடம் 260 கோடி டொலர் கடன் பெறப்பட்டபோது, அதற்கு முந்திய மாதங்களில் நாட்டின் வெளிநாட்டு ஒதுக்கம் சில வாரகால இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தது.

மறுபுறம், படையினருக்கு வழங்கப்பட்ட சம்பளம் அரச சேவைகளின் உற்பத்தியாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேர்ந்தது. அரச சேவைகளுக்குச் சந்தை விலை இல்லாததால் அவற்றின் செலவே அவற்றின் பெறுமதியாகக் கொள்ளப்படுகின்றது. உலகெங்கும் இதுவே வழமை. யுத்தத்துக்கு முன்னர் உற்பத்தியில் ஏறத்தாழ 1 வீதமாக இருந்த பாதுகாப்புச் செலவு 1990களின் நடுப்பகுதியில் 5 வீதத்தையும் தாண்டியது. அதற்கென மக்கள்மீது தேசிய பாதுகாப்பு வரி சுமத்தப்பட்டு, அதன் வீதம் படிப்படியாக உயர்த்தப்பட்டது. 2002இல் பெறுமதி சேர் வரி அறிமுகமானபோதே அவ்வரி நீங்கியது.

ஆனால் குண்டு வீழ்ந்து அழிந்த வீட்டின் பெறுமதி உற்பத்திக் கணக்கில் கழிக்கப்படுவதில்லை.  அவ்வீடு பின்னர் மீளக் கட்டப்படும்போது அக்கட்டுமானம் மாத்திரம் வளர்ச்சியாகப் பதிவாகின்றது. 1983 ஜூலையில் கொழும்பில் எரிக்கப்பட்ட தமிழரின் தொழிற்சாலைகளும் கடைகளும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் விட்டுச் சென்ற கடைகளும் தையலகங்களும் லொறிகளும் வள்ளங்களும் எந்தச் சுட்டெண்ணிலும் இழப்பு எனப் பதிவாகவில்லை. நாட்டின் வளர்ச்சி வரைபடத்தில் அவர்களது வாழ்க்கை முறிந்த இடத்தைத் தேடினால் கிடைக்காது.

கொழும்பின் விலை, நாட்டின் விலையா?

விலைகளின் கதையும் இத்தகையதே. பல தசாப்தங்களாகப் பணவீக்கம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணைக் கொண்டே அறிவிக்கப்பட்டது. 1952ஐ அடிப்படையாகக் கொண்ட அச்சுட்டெண், 1949-50இல் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்கள் எவற்றை வாங்கினவோ அவற்றின் விலையைத் தொடர்ந்து அளந்தது. 1990இன் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. எரிபொருள், சீமெந்து, உரம், மின்கலம் முதலியன தடைசெய்யப்பட்ட அல்லது கட்டுப்படுத்தப்பட்ட பொருட்களாயின. சிறிதளவு பெற்றோல் விட்டு இயக்கி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களையும், சைக்கிள் டைனமோவில் இயங்கிய வானொலிகளையும், ஜாம் போத்தல் விளக்குகளையும் அம்மக்கள் மறந்துவிடவில்லை. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி முகமாலையில் மூடப்பட்டபோது குடாநாட்டில் அத்தியாவசியப் பொருட்களின் விலைகள் பன்மடங்காயின. அவ்விலைகள் எவையும் நாட்டின் பணவீக்க வீதத்தைத் தொடவில்லை.

2008இல் கொழும்புச் சுட்டெண்ணின்படியே ஆண்டுச் சராசரிப் பணவீக்கம் 22.6 வீதமாக இருந்தது என்றால், ஏனைய இடங்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். நாடு முழுவதற்குமான தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் 2015இலேயே அறிமுகமானது. அதன் பயன் 2022 செப்டெம்பரில் தெளிவாகத் தெரிந்தது. அம்மாதம் கொழும்புச் சுட்டெண் 69.8 வீதப் பணவீக்கத்தைக் காட்டியபோது, தேசியச் சுட்டெண் 73.7 வீதத்தைக் காட்டியது. அளக்கத் தொடங்கிய பின்னரே வேறுபாடு கண்ணுக்குத் தெரிகின்றது.

எண்ணப்படாத மக்கள்

உற்பத்தியும் விலையும் மாத்திரமன்றி, மனிதர்களே எண்ணப்படாத காலம் அது. 1981இன் பின்னர் இருபது ஆண்டுகள் குடிசன மதிப்பு இடம்பெறவில்லை. 2001இல் இடம்பெற்ற மதிப்பு 25 மாவட்டங்களில் 18இல் மாத்திரமே முழுமையாக நிறைவேறியது. முழு நாடும் மீண்டும் எண்ணப்பட்டது 2012இலாகும். 1990இல் தொடங்கிய தொழிற்படை அளவீடு பெரும்பாலான ஆண்டுகளில் வடக்கையும் கிழக்கையும் தவிர்த்தே நடைபெற்றது. 2011 முதலே அது அனைத்து மாவட்டங்களையும் உள்ளடக்கியது. 2002இல் நாட்டின் வறுமை வீதம் 22.7 என அறிவிக்கப்பட்டபோதும் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் அதில் அடங்கவில்லை. ‘வடக்கு, கிழக்கு நீங்கலாக’ என்ற சிறு குறிப்பு அட்டவணைகளின் அடியில் இடம்பெற்றிருந்தது. ஆனால் மேடைப் பேச்சுகளில் அக்குறிப்பு உதிர்ந்துபோய், எண் மட்டுமே எஞ்சியது.

யுத்தம் சராசரியையே அசைத்த சந்தர்ப்பங்களும் உண்டு. 2001 ஜூலை 24இல் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. கப்பல்களுக்கும் விமானங்களுக்குமான யுத்த அபாயக் காப்புறுதிக் கட்டணம் உயர்ந்தது. உல்லாசப் பயணிகளின் வருகை வீழ்ந்தது. வரட்சியினால் ஏற்பட்ட மின்வெட்டும், உலகச் சந்தையின் மந்தமும் அதனுடன் சேர்ந்துகொள்ள, அவ்வாண்டு பொருளாதாரம் 1.5 வீதத்தால் சுருங்கியது. சுதந்திரத்தின் பின் அதுவே முதல் சுருக்கமாகும். வடக்கிலும் கிழக்கிலும் ஆண்டுக்கணக்காக நிகழ்ந்த சுருக்கம், மேல் மாகாணத்தின் வாயிலை எட்டியபோதே தேசியச் சுருக்கமாகப் பதிவாகியது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

2009இல் யுத்தம் முடிவுற்றபோது கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் அவ்வோராண்டில் மட்டும் 125 வீதத்தால் உயர்ந்தது. அதே ஆண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் வளர்ச்சி 3.5 வீதமே. முன்னது முதலீட்டாளரின் எதிர்பார்ப்பையும் பின்னது நடந்து முடிந்த உற்பத்தியையும் காட்டின. முட்கம்பி வேலிக்குள் இருந்த மக்களின் நிலையை இரண்டுமே காட்டவில்லை. அதன் பின்னர் வடக்கு வேகமாக வளர்வதாக அறிவிக்கப்பட்டது. அடிமட்டத்துக்கு வீழ்ந்த ஒன்று சிறிதளவு எழுந்தாலும் அதன் வீதம் பெரிதாகவே தெரியும் என்பதை நினைவிற் கொள்ளாதவர்களுக்கு அவ்வெண் மயக்கம் தந்திருக்கும்.

இவற்றை இன்று நினைவூட்டுவது பழைய காயங்களைக் கிளறுவதற்காக அன்று. மாகாணங்களுக்கு நிதி ஒதுக்குவதும், கைத்தொழில் வலயங்களைத் திட்டமிடுவதும், நட்டஈட்டை மதிப்பிடுவதும் புள்ளிவிபரங்களைக் கொண்டே நடைபெறுகின்றன. எங்கு பதிவு இல்லையோ அங்கு இழப்பும் இல்லை என்றே கோப்புகள் கொள்ளும். 1990இல் கடையைப் பூட்டிவிட்டு வெளியேறிய முஸ்லிம் வர்த்தகருக்கும், தொழிற்சாலை மூடப்பட்டதால் வேலையிழந்த காங்கேசன்துறைத் தொழிலாளிக்கும் நேர்ந்தது இதுதான். 2013-14ஆம் ஆண்டுகளின் பொருளாதாரத் தொகைமதிப்பு நாடெங்கும் ஏறத்தாழ 10 இலட்சம் நிறுவனங்களை இனங்கண்டது. இருப்பவற்றை அது எண்ணியது நல்லதே. ஆனால் இருந்து இல்லாமற் போனவற்றின் கணக்கு இன்னமும் எழுதப்படவில்லை. பழைய உற்பத்திப் பதிவுகளையும் கூட்டுத்தாபன அறிக்கைகளையும் வர்த்தக அனுமதிப் பதிவேடுகளையும் கொண்டு அதனை ஓரளவுக்கேனும் மீளமைக்க முடியும். பல்கலைக்கழகங்களும் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களமும் அப்பணியில் கைகோர்ப்பது அவசியமாகும்.

வாசகரின் பங்கும் உண்டு. வளர்ச்சி வீதம் ஒன்று அறிவிக்கப்படும்போது மூன்று கேள்விகளை எழுப்பிப் பழகுவது நன்று. இது எந்த நிலப்பரப்பை அளக்கின்றது? எந்த ஆண்டை 100 எனக் கொள்கின்றது? எதனை உற்பத்தி எனக் கருதுகின்றது? இம்மூன்றுக்கும் விடை தெரியாத எண்ணை வைத்து ஒரு நாட்டின் நலத்தைத் தீர்மானித்தால், அந்நாட்டின் ஒரு பகுதி மக்களை மீண்டுமொருமுறை கணக்கிலிருந்து நீக்கிவிட்டவர்களாவோம்.