முதுகில் தேய்த்த ஸ்பிரிட்டும் ஒரு செவிலியின் மதிப்பெண் தாளும்

படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் தூவுவது செவிலியர் பயிற்சியில் நெடுங்காலம் பாடமாகவே இருந்தது. இங்கிலாந்து வார்டுகளில் சோப்பு, ஸ்பிரிட், களிம்பு என்று ஆளுக்கொன்று தேய்த்தார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளும் அதே பழக்கத்தைக் கைக்கொண்டன. படுக்கைப் புண் வராமலிருக்க இதுவே வழி என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது ஆய்வுக்கூடத்தில் அல்ல, முதியோர் வார்டில். நோயாளியைப் பராமரித்தவரே கேள்வி கேட்டு, கணக்கெடுத்து, கண்டதைப் பிறருக்குக் கற்பிக்கவும் முன்வந்தபோதுதான் அது நடந்தது. பராமரிப்பு, ஆராய்ச்சி, கற்பித்தல் மூன்றையும் ஒரே செவிலியின் பணியாகக் கருதவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் புண்ணைப் பற்றி மருத்துவர்களே இரண்டு கட்சியாக இருந்தார்கள். பாரிஸில் புகழின் உச்சியில் இருந்த ஷார்கோ, மூளையோ தண்டுவடமோ சேதமானால் புண் தானாகவே வரும், தடுக்க வழியில்லை என்றார். திடீரென்று தோன்றும் புண்ணைச் சாவின் முன்னறிவிப்பாகவே பார்த்தார். அவருக்கு முன்பே பிரௌன்-செக்கார், அழுத்தத்தையும் ஈரத்தையும் விலக்கினால் புண்ணைத் தவிர்க்கலாம் என்று விலங்குச் சோதனைகளிலிருந்து சொல்லியிருந்தார். புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் வெளியிட்ட செவிலியம் பற்றிய நூலில், பெரும்பாலும் குற்றம் நோயினுடையது அல்ல, பராமரிப்பினுடையது என்று எழுதினார். அவர் சொன்னது சரியான திசைதான். ஆனால் எந்தப் பராமரிப்பு, யாருக்கு, எத்தனை மணிக்கு ஒரு தரம் என்பதற்கு அவர் காலத்தில் விடையில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஸ்பிரிட் பாட்டில் அரசாண்டது.

1944-இல் ஸ்டோக் மாண்டெவில்லில் தண்டுவடக் காயமுற்றவர்களுக்கான பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். ஷார்கோ விதி என்று விட்டதை அந்த வார்டு பொய்யாக்கியது. அப்படியானால் பெருமை மருத்துவருக்குத்தானே என்று கேட்கலாம். உத்தரவு அவருடையது, உண்மை. ஆனால் அது குறிப்பிட்ட காயம் பட்டவர்களுக்கான தனிப் பிரிவு. சாதாரண முதியோர் வார்டில் நாற்பது பேர் படுத்திருக்கும்போது யாரை முதலில் புரட்டுவது என்ற கேள்வி அங்கே வேலை செய்தவர்களுக்கே எழக்கூடியது.

அதைக் கேட்டவர் டோரீன் நார்ட்டன் என்ற செவிலி. லண்டன் விட்டிங்டன் மருத்துவமனையின் முதியோர் மருத்துவர் எக்ஸ்டன்-ஸ்மித், செவிலியர் ரோடா மெக்லாரன் ஆகியோருடன் சேர்ந்து அவர் நடத்திய ஆய்வு 1962-இல் வெளியானது. தோலில் பூசிய எதுவும் புண்ணைத் தடுத்ததாகத் தெரியவில்லை. அழுத்தத்தை அவ்வப்போது நீக்குவதே பலன் தந்தது. 1961-இல் எக்ஸ்டன்-ஸ்மித்தும் ஷெர்வினும் முதியவர்கள் இரவில் அசைவதை எண்ணியிருந்தார்கள்: 50 தடவைக்கு மேல் அசைந்தவர்கள் ஒருவருக்கும் புண் வரவில்லை, 20 தடவைக்கு மேல் அசையாதவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வந்தது. உறங்கும் உடல் தானாகச் செய்துகொள்வதைச் செய்ய முடியாதவருக்கு வேறொருவர் செய்யவேண்டும், அவ்வளவுதான். யாருக்குப் புண் வரும் ஆபத்து அதிகம் என்று கணிக்க நார்ட்டன் உருவாக்கிய மதிப்பெண் தாளில் உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு என்று ஐந்து அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். உடல் சுமாராக இருக்கும் (3), நினைவு குழம்பிய (2), படுக்கையை விட்டு எழாத (1), கை கால் அசைப்பது வெகுவாகக் குறைந்த (2), சிறுநீர் தன்னையறியாமல் போகும் (2) ஒரு பாட்டிக்குக் கூட்டினால் 10. முழு மதிப்பெண் 20, பதினான்கோ அதற்குக் கீழோ இறங்கினாலே ஆபத்து. எந்தக் கருவியும் வேண்டாம், பார்க்கத் தெரிந்த கண் இருந்தால் போதும். அதனால்தான் அது வார்டிலிருந்து வகுப்பறைக்கும், நாடு விட்டு நாட்டுக்கும் போனது. நார்ட்டனே பின்னர் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் முதியோர் செவிலியத் துறைப் பேராசிரியர் ஆனார்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மதிப்பெண் தாளைப் பயன்படுத்தியதாலேயே புண்கள் குறைந்தன என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்பது பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட ஆய்வுகளின் முடிவு. இதை மறைக்கத் தேவையில்லை. தாள் புண்ணைத் தடுப்பதில்லை. புரட்டும் கை தடுக்கிறது. அந்தக் கையை யாரிடம் முதலில் அனுப்புவது என்று சொல்வதே தாளின் வேலை. மேலும், குறை கண்டு திருத்தியவர்களும் செவிலியர்களே. 1985-இல் வாட்டர்லோ அளவுகோலைத் தந்த ஜூடி வாட்டர்லோவும், 1987-இல் வெளியான பிரேடன் அளவுகோலை உருவாக்கிய பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ரோம் இருவரும் இதே வழியில் வந்தவர்கள்.

பேராசிரியரானவர் வார்டை மறந்துவிடுவார் என்பது இன்னொரு அச்சம். அது நியாயமானதுதான். கற்பிப்பவர் வகுப்பறையிலும் பராமரிப்பவர் வார்டிலுமாகப் பிரிந்துவிட்டால், பாடத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை என்று எழுதியிருக்கும். இரவுப் பணியில் ஒரே ஸ்டாஃப் நர்ஸ் இருக்கும் வார்டில் அது நடக்காது. அங்கே புரட்டுவது நோயாளியோடு தங்கும் மகளோ மருமகளோதான். வாட்டர் பெட் வாங்கிப் போட்டுவிட்டோமே என்று நிம்மதியாக இருக்கும் அந்தக் குடும்பத்திடம், அதன் மேலும் புரட்டித்தான் படுக்க வைக்கவேண்டும், சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பதும், அவர்களால் அதை எத்தனை நாள் செய்ய முடிகிறது என்று கணக்கெடுப்பதும் நம் செவிலியர் கல்லூரிகள் கையில் எடுக்கவேண்டிய ஆராய்ச்சி.