இணைய நிதி மோசடிப் புகார் (இந்தியா)

இணைய நிதி மோசடிப் புகார் என்பது, இணையம், செல்பேசி, மின்னணுப் பணமாற்றம் ஆகியவற்றின் வழியாக ஏமாற்றப்பட்டுப் பணத்தை இழந்த ஒருவர், அதனை இந்தியாவில் காவல்துறைக்கும் வங்கிக்கும் தெரிவித்து, பணத்தை மீட்கவும் சட்ட உதவி பெறவும் மேற்கொள்ளும் நடவடிக்கையாகும். நடுவண் உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் அளித்த விவரப்படி, இவ்வகை மோசடிகளில் இழக்கப்பட்டதாகப் புகார் செய்யப்பட்ட தொகை 2023 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7,465 கோடி உரூபாயாக இருந்து, 2024 ஆம் ஆண்டில் 22,845 கோடி உரூபாயாக உயர்ந்தது.

வரலாறு

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 நடைமுறைக்கு வந்தபோது இணைய மோசடிக்கெனத் தனிப் பிரிவு அதில் இல்லை. 2008 ஆம் ஆண்டின் திருத்தம் (நடைமுறை: அக்டோபர் 2009) 66சி, 66டி ஆகிய பிரிவுகளைச் சேர்த்தது. முன்னது கடவுச்சொல் போன்ற பிறரது அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவதையும், பின்னது கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதையும் குற்றமாக்குகின்றன. இரண்டிற்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் உரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். இந்திய தண்டனைச் சட்டத்திற்கு மாற்றாக 1 சூலை 2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதையின் 318 ஆம் பிரிவும் (ஏமாற்றுதல்) 319 ஆம் பிரிவும் (ஆள்மாறாட்டம்) இவற்றோடு சேர்த்துப் பதியப்படுகின்றன.

ஆகத்து 2019 இல் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளம் தொடங்கப்பட்டது. இந்திய இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் சனவரி 2020 இல் திறந்து வைக்கப்பட்டது. ஏப்ரல் 2021 இல் வங்கிகளையும் காவல்துறையையும் ஒரே அமைப்பில் இணைத்து, 155260 என்ற உதவி எண் அறிமுகமானது. பின்னர் இவ்வெண் 1930 என மாற்றப்பட்டது.

முதல் மணி நேரங்கள்

மோசடியாளர் பணத்தைத் தம் சொந்தக் கணக்கில் பெறுவது அரிது. சிறு தரகுக்காக வாடகைக்கு விடப்பட்ட அல்லது பிறர் பெயரில் திறக்கப்பட்ட இரவல் கணக்கு ஒன்றில் அது முதலில் விழுகிறது. அங்கிருந்து சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டு, இறுதியில் ஏடிஎம் வழியாகப் பணமாகவோ மறையீட்டு நாணயமாகவோ வெளியேறுகிறது. 1930 அமைப்பு இச்சங்கிலியைத் துரத்தும் முறையில் அமைந்தது. புகார் பதிந்ததும் அது முதல் வங்கிக்குச் செல்லும். பணம் அங்கேயே இருந்தால் அது முடக்கப்படும். நகர்ந்திருந்தால் அடுத்த வங்கிக்கு அதே தகவல் செல்லும். எனவே மறுநாள் காலை காவல் நிலையத்திற்கு நேரில் செல்லலாம் எனக் காத்திருப்பதே பெரும்பாலும் பணம் திரும்பாமைக்குக் காரணமாகிறது. வெட்கத்தால் வீட்டாருக்குக்கூடச் சொல்லாமல் மறைப்பவர்கள் இந்நேரத்தையே இழக்கின்றனர்.

அழைப்பவரிடம் வங்கியின் பெயர், கணக்கு எண், பணமாற்றக் குறிப்பெண், தொகை, நாள், நேரம் ஆகியன கேட்கப்படும். யுபிஐ பணமாற்றமாயின் அக்குறிப்பெண் 12 இலக்கம் கொண்டது. குறுஞ்செய்திகள், வாட்சப் உரையாடல்கள், மோசடியாளரின் எண் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருத்தல் வேண்டும். எரிச்சலில் உரையாடலை நீக்கிவிடுவது சான்றை நீக்குவதற்கு ஒப்பாகும்.

முதல் தகவல் அறிக்கை

தளத்தில் பெறப்படும் ஒப்புகை எண் முதல் தகவல் அறிக்கை ஆகாது. இவ்வேறுபாட்டைப் பலர் அறிவதில்லை. வழக்குப் பதிவு மாநிலக் காவல்துறையின் பொறுப்பாகும். பாரதிய நாகரிக சுரக்சா சன்கிதையின் 173 ஆம் பிரிவின்படி, குற்றம் எவ்விடத்தில் நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். மின்னணு வழியில் அளித்தால் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கும், அதன்பின் நடுவருக்கும் விண்ணப்பிக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழான குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அலுவலரே புலனாய்வு செய்ய இயலும்.

முடக்கப்பட்ட தொகை தானாகத் திரும்புவதில்லை. அதனை விடுவிக்கப் பொதுவாக நடுவர் நீதிமன்ற ஆணை தேவைப்படுகிறது. சில மாநிலங்களில் மக்கள் நீதிமன்றங்கள் வழியாகவும் இது வழங்கப்பட்டுள்ளது.

வங்கியின் பொறுப்பு

இந்திய ரிசர்வ் வங்கி 6 சூலை 2017 இல் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் இசைவின்றி நடந்த மின்னணுப் பணமாற்றங்களுக்கான பொறுப்பை வகுத்தது. வங்கியின் குறைபாட்டால் நேர்ந்த இழப்பில் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. வெளியார் ஊடுருவலால் நேர்ந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்திருப்பின் அப்போதும் பொறுப்பு இல்லை. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அவரது இழப்பு 10,000 உரூபாய்க்கு மேற்படாது. மெய்ப்பிக்கும் சுமை வங்கியுடையது. ஆயினும் ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தாமே சொல்லிவிட்டவரின் நிலை வேறு. வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும் என அச்சுற்றறிக்கை கூறியது. இந்த ஒரு வரியின் மீதே பெரும்பாலான தகராறுகள் எழுகின்றன.

தூத்துக்குடி வழக்கு

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46 ஆம் பிரிவு, ஐந்து கோடி உரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தீர்க்க மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரைத் தீர்வு அலுவலராக்கியுள்ளது. இவ்வழி இருப்பதைச் சட்டம் பயின்றோரும் மறந்துவிடுவதுண்டு. அபுதாபியில் பணிபுரிந்த ஒருவர், 2007 இல் தூத்துக்குடிக் கிளையில் இருந்த தம் கணக்கிலிருந்து போலி மின்னஞ்சலால் பணத்தை இழந்தார். வங்கி, கடவுச்சொல்லைத் தந்தது அவரது கவனக்குறைவே என வாதிட்டது. தமிழ்நாட்டுத் தீர்வு அலுவலர் ஏப்ரல் 2010 இல், வங்கி 12.85 இலட்சம் உரூபாய் வழங்க ஆணையிட்டார். வங்கி மேல்முறையீடு செய்தது. ஆனால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 முதல் தலைவர் இன்றி இருந்தது. அதன் பணி 2017 இல் தொலைத்தொடர்புத் தகராறுகள் தீர்ப்பாயத்திடம் சேர்க்கப்பட்ட பின்னரே வழக்கு நகர்ந்து, 2019 இல் வாடிக்கையாளருக்குச் சார்பாக முடிந்தது.

இலவச சட்ட உதவி

சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987 இன் 12 ஆம் பிரிவின்படி பெண்கள், சிறார், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச வழக்குரைஞரைப் பெறலாம். ஏனையோரில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைய அலுவலகத்தையோ 15100 என்ற எண்ணையோ அணுகலாம்.

சிக்கல்கள்

கணக்கு முடக்கம் குற்றமற்றவரையும் தாக்குகிறது. மோசடிப் பணத்தில் ஒருவர் பொருள் வாங்கியிருந்தால், அதனை விற்ற கடைக்காரரின் கணக்கே முடங்கக்கூடும். முடக்கம் சர்ச்சைக்குரிய தொகைக்கு மட்டுமே அமைய வேண்டும் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2023 இல் பணித்தது.

காவலர் போல் நடித்துக் காணொளி அழைப்பில் மிரட்டும் "டிசிட்டல் கைது" என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. இவ்வகை வழக்குகளை நடுவண் புலனாய்வுச் செயலகம் விசாரிக்க உச்ச நீதிமன்றம் திசம்பர் 2025 இல் ஆணையிட்டது. இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகக் கூறி, கட்டணம் கேட்டு இரண்டாம் முறை ஏமாற்றுவோரும் உளர். 1930 எண்ணுக்கோ புகார்த் தளத்திற்கோ கட்டணம் எதுவும் இல்லை.