கடல் கொண்டதும் ஓலை காத்ததும்

சிலப்பதிகாரம் நடத்திய ஆண்டுகளில் ஒரு மாணவராவது தவறாமல் என்னிடம் கேட்ட வினா ஒன்று உண்டு: “ஐயா, புகார் என்றோர் ஊர் மெய்யாகவே இருந்ததா, அன்றிப் புலவர் கற்பனையில் கட்டிய ஊரா?” வினாவில் பிழையில்லை. காவிரி கடலொடு கலக்கும் இடத்தில் இன்று சென்று நிற்பவர்க்கு மணற்பரப்பும், மீனவர் குடியிருப்பும், 1973இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடமுமே தென்படும். மருவூர்ப்பாக்கம் எங்கே, பட்டினப்பாக்கம் எங்கே, நாளங்காடியும் அல்லங்காடியும் எங்கே என்று எவரும் மயங்கத்தான் செய்வர்.

காவிரிப்பூம்பட்டினம் சோழர் கடலாட்சியின் தலைவாயில். காற்றின் இயல்பறிந்து பெருங்கடலில் நாவாய் செலுத்திய மரபினன் என்று கரிகாலனை வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றில் போற்றுகிறார். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை அத்துறைமுகத்தின் அன்றாடத்தையே நம் கண்முன் நிறுத்துகிறது. கடல்வழி வந்த குதிரைகள், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், கங்கைவெளிப் பொருள், ஈழத்து உணவு, காழகத்து ஆக்கம் யாவும் அங்குக் குவிந்தன. சுங்கம் கொள்வோர் பொதிகளின்மேல் புலிப்பொறி இட்டனர். வெள்ளுப்பை விற்று நெல்லோடு மீண்ட படகுகள், கொட்டிலில் கட்டிய குதிரைகளைப் போலக் கரையோரம் பிணிக்கப்பட்டு நின்றன என்கிறார் புலவர்.

இவை புலவரின் புனைவு மட்டுமே எனில், அயலார்க்கு இவ்வூர் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் கிரேக்க நிலநூலார் தாலமி ‘கபேரிஸ்’ என்றொரு வாணிகத் துறையைக் குறிக்கிறார். செங்கடல் வழிநூலாகிய ‘பெரிப்ளூஸ்’ இக்கரைத் துறைமுகங்களுள் ஒன்றாகக் ‘காமரா’வைச் சொல்லி, கங்கைக்கும் கீழைக் கடல் நாடுகளுக்கும் சென்ற பெருங்கலங்களையும் பேசுகிறது. இவ்விரு பெயர்களும் புகாரையே சுட்டும் என்பது அறிஞர் பலர் கருத்து.

பின்னர் மண்ணும் சான்று பகர்ந்தது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறையினர் நடத்திய அகழாய்வில், கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. படகுகளைப் பிணிப்பதற்கு நட்ட மரத்தூண்களின் அடிப்பகுதிகளும் அங்கே இருந்தன. கரிமக் கணிப்பு அம்மரத்தைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தது எனக் காட்டிற்று. கரையில் பிணித்த படகுகளைப் பாடிய புலவரையும் அத்தூண்களையும் ஒருங்கே நினைக்கும்போது என் மாணவரின் வினாவுக்கு விடை கிடைத்துவிடுகிறது. பல்லவனீச்சுரத்தில் பௌத்த விகாரம் ஒன்றும் அகழ்ந்தெடுக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. 1991இல் பூம்புகார்க் கடலில் ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவினதாகிய அமைப்பொன்று காணப்பட்டது. அதன் காலம் அறுதியிடப்படவில்லை. எனினும் அதனைப் பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையதென மேடைதோறும் முழங்குவோர் உளர். அவ்வாறே, புகாரில் இருந்ததாகச் சிலம்பு கூறும் நிக்கந்தக் கோட்டத்தையும், சாவகர் அமைத்த சிலாவட்டத்தையும் மண்ணிலிருந்தே எடுத்துவிட்டோம் என்று நாமும் பெருமை பேசலாகாது. அவை இன்றும் காப்பியத்தில்தான் நிற்கின்றன. உள்ளதை உள்ளவாறு அறிவதே நன்ஞானம் என்று கற்ற நமக்கு, மிகைக்கூற்று அழகன்று.

அங்ஙனமாயின் நமக்குரிய பெருமை யாது? இளங்கோவடிகள் உறைந்த குணவாயிற் கோட்டத்தை அருகன் கோயில் என்றே உரைகாரர் அடியார்க்கு நல்லார் எழுதினார். துறவு பூண்ட அடிகள், கடல் வாணிகர் வாழ்ந்த ஒரு மாநகரை, கலங்கரை விளக்கம் முதல் யவனர் இருக்கை ஈறாக, ஒன்றும் விடாது பதிந்து வைத்தார். கண்ணகி கடல் வாணிகன் மாநாய்கனின் மகள். கோவலன் பெருங்குடி வாணிகன் மாசாத்துவானின் மகன். அத்துணைச் செல்வமும் தேய்ந்து, சிலம்பே முதலாக இருவரும் ஊர் நீங்குகின்றனர். காவதம் கடந்ததும் அவர்கட்கு வழித்துணையாய் வாய்ப்பவர் கவுந்தியடிகள். வயல் வழியே நடக்கையில் சிற்றுயிர்கள் அடிபடாமல் நடக்கச் சொல்லும் அந்த ஆரியாங்கனையின் அறிவுரை, நாவாய்கள் கொணர்ந்த செல்வம் யாவினும் மேம்பட்டதாகக் காப்பியத்துள் ஒலிக்கிறது. பொருள் நில்லாது, அறம் நிற்கும் என்பதை அடிகள் புகாரின் செல்வத்தைக் காட்டியே உணர்த்தினார்.

இந்திர விழாவை மறந்ததால் அந்நகரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. காரணம் எதுவாயினும், செங்கல்லும் மாடமும் போயின. நகரின் தெருக்களை நமக்குக் காத்துத் தந்தவை பனையோலைகள். ஓலைக்கு ஆயுள் குறைவு. ஒவ்வொரு தலைமுறையும் படியெடுத்திராவிடில் புகார் இரண்டாம் முறையும் அழிந்திருக்கும். சைவத் திருமடங்களும் புலவர் இல்லங்களும் இப்பணியில் பங்கு கொண்டன. நம் முன்னோரும் கொண்டனர். ஆகாரம், அபயம், ஔடதம் ஆகியவற்றோடு சாத்திரத்தையும் தானமாக வைத்த நெறி நம்முடையது. நூலைப் படியெடுத்து அளிப்பது நமக்கு வழிபாட்டின் ஒரு பகுதி. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியின் பொருள் விளங்காது திகைத்தபோது, கும்பகோணத்துச் சைனர் இல்லங்களையே நாடிச் சென்றார். அவர்கள் சொல்லிய விளக்கங்களின் துணையோடு அந்நூல் 1887இல் அச்சேறியது. சிலப்பதிகாரம் 1892இல் வெளிவந்தது.

இப்போது நம் வீடுகளை நினைத்துப் பார்ப்போம். பிள்ளைகள் வேலையின் பொருட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றுவிட்டனர். ஊரிலுள்ள பழைய வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறுகின்றன. பரண்மேல் சட்டமிட்டுக் கட்டிய சுவடியோ, பாட்டனார் கைப்பட எழுதிய தோத்திரக் குறிப்பேடோ இருக்கக்கூடும். முற்காலத்தில் சிலர் ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டனர். நாம் பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போடுகிறோம். இரண்டும் ஒன்றே.

வீட்டை ஒழிக்கும் முன் அப்பரணை ஒருமுறை பாருங்கள். கிடைப்பதைப் பிரிக்காமலும் துடைக்காமலும் அறிந்தவரிடம் காட்டுங்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடங்கள் உள்ளன. கடல் கொண்டதை நம்மால் மீட்க இயலாது. ஆனால் கையில் இருப்பதை இழக்காதிருக்க இயலும். அதுவும் ஒரு சாத்திரதானமே.